கஜேந்திரன் பைப்பு போட்ட காட்டு விடுதியில் நான்கு நாட்கள்

சென்ற மாசிக் கடைசியில் நான், என் வீட்டுக்காரர், எட்டு வயது மகள் வசந்தி மூவரும் செஞ்சியிலிருந்து கிளம்பி, கென்யா நாட்டில் ஒரு காட்டு விடுதியில் தங்கிவிட்டு, சித்திரை பிறந்த மூன்றாம் நாள் ஊர் திரும்பினோம். போக வர மொத்தம் நாற்பது நாள். அதில் விடுதியில் இருந்தது நான்கே நாள். மீதியெல்லாம் ரயிலும் கப்பலும் காத்திருப்பும்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று உறவு உள்ள குடும்பங்கள் நம் பக்கத்திலும் சில உண்டு. போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று மணி, மைல், செலவு எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தபோது குறிப்பில் இல்லாத விஷயங்கள்தான் அதிகம் வந்து விழுகின்றன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சி பஜாரில் எங்களுக்கு இரும்புக்கடை. கீல், தாழ்ப்பாள், ஏர்க்கொழு, தண்ணீர்ப் பைப்பு என்று எல்லாம் உண்டு. என் வீட்டுக்காரரின் ஒரே தம்பி கஜேந்திரன், பதினோரு வருஷத்துக்கு முன் மொம்பாசாவில் ஒரு பட்டறைக்கு ஃபிட்டர் வேலைக்குப் போனவர். பிறகு வோய் என்ற ஊருக்குப் பக்கத்தில், காட்டுக்குள் இருக்கும் தனியார் விடுதி ஒன்றில் மெக்கானிக் ஆனார். மாதம் தவறாமல் பணம் வரும். கடிதம் நாலு வரிக்கு மேல் போகாது. சுகம், மழை இல்லை, வேலை அதிகம், நைனாவுக்கு நமஸ்காரம். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா என்றால் இங்கே என் மாமனார்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் இரண்டு. கஜேந்திரனின் கடிதம் இந்தத் தடவை ஆறு வரி இருந்தது: "பங்குனியில் மழைக்கு முன் விடுதிக்கு விருந்தாளிகள் யாரும் இல்லை. முதலாளி என் குடும்பத்துக்கு நாலு நாள் இடம் தருகிறார். கப்பல் டிக்கெட் நான் எடுத்து அனுப்புகிறேன். அண்ணாவும் அண்ணியும் குழந்தையும் அவசியம் வரவும்." இது ஒரு காரணம். இன்னொன்றை என் மாமனார் என் பெட்டிக்குள் வைத்து அனுப்பினார். சுலோச்சனாவின் போட்டோ. அவலூர்பேட்டையில் இருக்கும் அவருடைய தங்கையின் மகள் அவள். கஜேந்திரனுக்கு என்று மூன்று வருஷமாகப் பேசி வைத்த முறைப்பெண். வயது இருபத்தைந்து. "அவனைக் கையோட கூட்டிக்கினு வந்துடுங்க. ஆவணியில முகூர்த்தம் வெச்சிடலாம்" என்பது அவர் உத்தரவு.

செஞ்சியிலிருந்து திண்டிவனம் பதினேழு மைல், பஸ். அங்கிருந்து ரயிலில் எழும்பூர். மறுநாள் சென்ட்ரலில் பம்பாய் வண்டி ஏறினால் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழிக்குப் புளிசாதமும் எள்ளுருண்டையும் எடுத்துப் போனோம். எள்ளுருண்டை ஆப்பிரிக்கா வரை கெடாமல் வந்தது. பம்பாயிலிருந்து மொம்பாசாவுக்குக் கப்பலில் ஒன்பது நாள். எங்களுடையது அடுக்குப் படுக்கை வகுப்பு. டிக்கெட் எடுக்கும்போதே சைவச் சாப்பாடு என்று சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று நாள் என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கவில்லை. வசந்திக்கு ஒன்றுமே ஆகவில்லை. கப்பல் முழுக்கச் சுற்றி, குஜராத்திக் குழந்தைகளோடு சேர்ந்து குஜராத்தியில் எண்ணக் கற்றுக்கொண்டாள்.

மொம்பாசாத் துறையில் கஜேந்திரன் நின்றிருந்தார். போகும்போது இருபத்து மூன்று வயது ஒல்லிப் பையன். இப்போது காதோரம் நரை. அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு மட்டும் ஒன்று தோன்றியது. சந்தோஷமாக இருக்கிறவர் இப்படிக் கண்ணைத் தாழ்த்த மாட்டார். ஏதோ சொல்ல வந்து, "அண்ணி, கப்பல்ல சாப்பாடு எப்படி இருந்துது?" என்றார்.

மொம்பாசாவில் இரண்டு நாள் இருந்துவிட்டு, விடுதியின் லாண்ட்ரோவரில் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். வோய் வரை நூறு மைல். முதல் கொஞ்ச தூரம்தான் தார். பிறகு சிவப்பு மண் ரோடு. எதிரில் லாரி வந்தால் இரண்டு நிமிஷத்துக்கு ஒன்றும் தெரியாது. தலைக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள், வெள்ளைத் துணி வேண்டாம். வோயில் பதினோரு மணிக்கு டீ. அங்கிருந்து காட்டுப் பாதையில் இருபத்திரண்டு மைல், அதற்கே இரண்டு மணி நேரம். ஆனைப்புளிய மரங்கள் இலை இல்லாமல் குண்டு குண்டாக நின்றன. வசந்தி முதல் யானையைக் கண்டுபிடித்தாள். "அம்மா, செவப்பு ஆனை!" என்று கத்தினாள். நிஜமாகவே சிவப்புதான். அந்த ஊர் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு யானைகள் எல்லாம் செங்கல் நிறத்தில் இருக்கின்றன.

விடுதி ஒரு பாறைக் குன்றின் மேல் இருக்கிறது. பாறைமேல் பாறை அடுக்கிய குன்று. செஞ்சியில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு அதில் வியக்க ஒன்றும் இல்லை, "இதைப் பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஆனால் மேலே ஏறியதும் வாயை மூடிக்கொண்டார். கல் சுவர் வைத்து, புல் கூரை போட்ட ஆறு தனி வீடுகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கொசுவலை போட்ட கட்டில்கள், பாலிஷ் போட்ட மரத்தரை, குழாயைத் திறந்தால் வெந்நீர். நடுவில் பெரிய சாப்பாட்டுக் கூடம். அதன் முன்னால் அகலமான கல் தளம். தளத்துக்குக் கீழே முந்நூறு கஜத்தில் ஒரு குட்டை. மிருகங்கள் அங்கே தண்ணீர் குடிக்க வரும். நாம் நாற்காலியில் சாய்ந்தபடி பார்க்கலாம்.

ஒரு சமயத்தில் ஒரே குடும்பத்துக்குத்தான் விடுதியைத் தருவார்கள். காசு கொடுத்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு, வண்டி எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு நூற்றிருபது ஷில்லிங், குழந்தைக்குப் பாதி. நாங்கள் போனபோது ஒரு ஷில்லிங் நம் அறுபத்தேழு பைசா. ரூபாய் மதிப்பைக் குறைத்த பிறகு இப்போது ஒரு ரூபாய்க்கும் மேல். அந்த நாட்டில் மற்றக் காட்டு விடுதிகளில் சின்னக் குழந்தைகளைச் சேர்ப்பதில்லையாம். இங்கே சேர்க்கிறார்கள். முதலாளியான வெள்ளைக்காரத் தம்பதி தங்கள் பிள்ளைகளை இங்கேதான் வளர்த்தார்கள். தளத்தைச் சுற்றிக் குழந்தை உயரத்துக்குக் கம்பி போட்டிருக்கிறது. சாப்பாட்டுக் கூடத்தில் குட்டி மேஜை, குட்டி நாற்காலிகள்கூட உண்டு.

"இந்தக் கூரை நான் நின்னு போட்டது அண்ணி. இந்தப் பைப்பு, பம்பு, ஜெனரேட்டர் எல்லாம் என் கை. ஆனா ஒரு ராத்திரி உள்ள படுத்ததில்ல. சுதந்திரம் வர்றதுக்கு முன்னாடி நம்மாளுங்க இந்தப் படியில விருந்தாளியா ஏற முடியாது" என்றார் கஜேந்திரன். சொல்லிவிட்டு எங்கள் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறினார்.

விடுதியின் அறைகளையும் சமையலையும் மேற்பார்க்கிறவள் வயூவா. கம்பா இனத்துப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும். உயரம், நிமிர்ந்த நடை, அதிகம் பேசாத வாய். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு மகள், முவெண்டே. முதல் நாள் மதியமே வசந்தியும் அவளும் சோடா மூடிகளை வைத்து ஏதோ விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் சைவம் என்று வயூவாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. சோறு, பருப்பு, அந்த ஊர்க் கீரை, மக்காச்சோள மாவில் கிளறிய களி எல்லாம் செய்து வைத்திருந்தாள். பருப்பில் பெருங்காயம் இருந்தது. சாப்பிட்டு எழுந்தபோது வசந்தியைப் பார்த்து, "சாப்டியா? போதுமா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தமிழ் பேசறாங்களே!" என்றேன். "இங்க வேலை செய்யறவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிக் குடுத்தேன்" என்று கஜேந்திரன் வேறு பக்கம் பார்த்தார். நானும் நம்பினேன். நான் கொஞ்சம் மெதுவாகப் புரிந்துகொள்கிறவள்தான்.

மறுநாள் மாலை நாலு மணி. தளத்தில் டீ. குட்டையில் ஒன்பது யானைகள், இரண்டு குட்டிகள். என் வீட்டுக்காரர் கோப்பையைக் கையில் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தார். பம்பைப் பார்த்துவிட்டுக் கஜேந்திரன் கீழேயிருந்து படியேறி வந்தார். சட்டை முழுக்கக் கிரீஸ். சமையல் கட்டுப் பக்கத்திலிருந்து முவெண்டே ஓடிவந்தாள்.

"நைனா!"

ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

ஆப்பிரிக்காவில் எத்தனை பாஷை இருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஆனால் அப்பாவைக் கூப்பிட அந்தச் சொல்லை அந்தக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்க, அந்தக் கண்டத்திலேயே ஒரே ஓர் ஆள்தான் இருக்க முடியும். கஜேந்திரன் கிரீஸ் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து குழந்தையைத் தூக்கினார்.

"அண்ணா, இது என் பொண்ணு. வயூவா என் பொண்டாட்டி. ஆறு வருஷம் ஆவுது" என்றார்.

என் வீட்டுக்காரர் கோப்பையை மேஜையில் வைத்தார். எழுந்து எங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ராத்திரி சாப்பிட வரவில்லை. அறைக்குள் போன என்னிடம், "காலையில கெளம்பறோம்" என்றார். "எதுல?" என்று கேட்டேன். இருபத்திரண்டு மைல் காடு. இருப்பது ஒரே வண்டி. அதை ஓட்டுகிறவர் கஜேந்திரன். தம்பியிடம் வாய் திறந்து வண்டி கேட்க வேண்டும். அவர் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். நாங்கள் தங்கியதற்கு அதுதான் காரணம், வேறு பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் காலை கஜேந்திரனைத் தளத்தில் பிடித்தேன். எனக்கும் கோபம்தான். ஆனால் என் வீட்டுக்காரரின் கோபம் வேறு, என் கோபம் வேறு.

"நீங்க யாரைக் கட்டிக்கினீங்கன்னு நான் கேக்கல. அவங்களைப் பார்த்தாலே தெரியுது, நல்ல மாதிரின்னு. ஆனா அங்க ஒருத்தி உங்க பேரைச் சொல்லிக்கினு உக்காந்திருக்காளே, அது உங்களுக்குத் தெரியாதா? நைனா மூணு வருஷமா எழுதறாரே?"

"தெரியும் அண்ணி."

"தெரிஞ்சா, வேணாம்னு ஒரு கடுதாசி போடறதுக்கு இன்னா?"

அவர் தலை குனிந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குள் அறையில் இன்னொன்று நடந்துவிட்டது. வசந்தி பெட்டியைத் திறந்து சுலோச்சனாவின் போட்டோவை எடுத்து, தண்ணீர் கொண்டுவந்த வயூவாவிடம், "இவங்கதான் எனக்குச் சித்தி ஆகப் போறாங்க" என்று காட்டியிருக்கிறாள். குழந்தையைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டில் நாங்கள் பேசியதைத்தான் அவள் சொன்னாள். நான் உள்ளே போனபோது வயூவா ஜன்னல் ஓரம் நின்று, போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி," என்றாள். என்னை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "இது யார்?"

பொய் சொல்ல நினைத்தேன். சொந்தக்காரப் பெண், சும்மா கொண்டுவந்தேன் என்று. அவள் கண்ணைப் பார்த்தபோது வாய் வரவில்லை. "கஜேந்திரனுக்குப் பேசி வெச்ச பொண்ணு. கல்யாணத்துக்கு" என்று மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. தன் மார்பில் விரலை வைத்து, பிறகு போட்டோவைத் தொட்டு, "இவங்களுக்கு... என்னைத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

போட்டோவை இன்னும் ஒரு தடவை பார்த்தாள். "பாவம்" என்றாள்.

தன்னை நினைத்துச் சொல்லவில்லை. போட்டோவில் இருந்தவளைத்தான் சொன்னாள். போட்டோவை என் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் சமையல் கட்டுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. அவள் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் புருஷனைத் திட்டும்போது எல்லா பாஷையும் ஒன்றுதான். நடுநடுவே "சுலோச்சனா" என்ற பேர் மட்டும் காதில் விழுந்தது. பேரைக் கஜேந்திரனிடமிருந்து பிடுங்கியிருக்கிறாள். அன்று மத்தியானம் அந்த மனிதருக்கு எந்த மேஜையிலும் இடமில்லை. பம்பு அறைப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. குட்டைக்குப் போகும் பைப்பை ஒரு யானை மிதித்து உடைத்துவிட்டது. கோடையின் கடைசியில் இது அடிக்கடி நடக்குமாம். பைப்புக்குள் தண்ணீர் ஓடுவது யானைக்கு வாசனையில் தெரியுமாம். குன்றின் மேலே விடுதிக்கும் அதே பைப்புதான். சரி செய்யாவிட்டால் ராத்திரிக்குள் மேல் தொட்டி காலி.

கஜேந்திரனோடு வழக்கமாக வேலை செய்யும் ஆள் மழைக்கு முன் ஊருக்குப் போயிருந்தான். அவர் தனியாக வண்டியில் சாமான்களை ஏற்றுவதை என் வீட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பைப்பு முறுக்கி ஒன்றுதான் வண்டியில் ஏறியது. இரும்புக்கடைக்காரருக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனார். தம்பியின் முகத்தைப் பார்க்காமல், "ஒத்தை முறுக்கி வெச்சிக்கினு எப்படிக் கழட்டுவ? இன்னொண்ணு எடு" என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

நானும் வயூவாவும் தளத்திலிருந்து பைனாகுலரில் மாற்றி மாற்றிப் பார்த்தோம். குழந்தைகளை உள்ளே அனுப்பிவிட்டோம். குட்டைக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. இருவரும் மண்ணில் உட்கார்ந்து உடைந்த துண்டை அறுத்து எடுத்தார்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் முறுக்க. கையை நீட்டினால் வேண்டிய சாமான் கைக்கு வந்தது. பேச்சு இல்லை, வாய் அசையவில்லை.

புதரிலிருந்து அந்த யானை திரும்பி வந்ததை வயூவாதான் முதலில் பார்த்தாள். என் கையைப் பிடித்தாள். ஒற்றை யானை, பெரியது. வண்டி அவர்களுக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி இருந்தது. யானைக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. நாற்பது அடி கூட இருக்காது. என் வீட்டுக்காரர் எழுந்து ஓடப் பார்த்தார். கஜேந்திரன் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, எழுந்து முன்னால் போய் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. யானை காதுகளை விரித்தது. கத்த வாயைத் திறந்தேன். வயூவா என் வாயைப் பொத்தினாள். "அசைய மாட்டார்" என்றாள். தனக்கே சொல்லிக்கொள்வது போல மறுபடியும், "அசைய மாட்டார்."

எவ்வளவு நேரம் என்று என் குறிப்பில் இல்லை. யானை ஒரு தடவை தலையை ஆட்டியது. பிறகு உடைந்த பைப்பிலிருந்து தேங்கிய தண்ணீரை நிதானமாக உறிஞ்சிக் குடித்துவிட்டு, வந்த வழியே போயிற்று. கஜேந்திரன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் அண்ணன் போய் உட்கார்ந்தார். பைனாகுலரில் இருவருடைய முதுகும் தெரிந்தது.

என்ன பேசினார்கள் என்பதை என் வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார்.

"ஏண்டா எழுதல?"

"எழுதினேண்ணா. எழுதி எழுதிக் கிழிச்சேன். நைனா படிக்கும்போது மூஞ்சி எப்படிப் போவும்னு நெனைச்சா கை ஓடல."

"இப்ப ஆனை வந்தப்போ மட்டும் ஓடாம நின்னியே?"

"ஆனை மூஞ்சி எனக்குப் பழக்கம்ணா. நைனா மூஞ்சி பழக்கம் விட்டுப்போச்சு."

அதற்கு என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டாராம். சிரித்த பிறகு கோபத்தைத் தொடர முடியவில்லையாம். "சுலோச்சனா விஷயத்துல நீ செஞ்சது தப்பு. அதை நான் எங்கயும் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். "சொல்லாதீங்க" என்றாராம் தம்பி.

ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெள்ளைத் துணி விரித்த பெரிய மேஜையில் உட்கார்ந்தோம். வயூவா வழக்கம்போல் பரிமாற வந்தாள். என் வீட்டுக்காரர் அவள் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி மேஜையில் வைத்தார். "நீயும் உக்காரும்மா" என்றார்.

அவள் கஜேந்திரனைப் பார்த்தாள். அவர், "அண்ணா, அது விருந்தாளிங்க மேஜை. இவங்க வேலை செய்யற எடம், நாளைக்குப் பேச்சு வரும்" என்றார்.

"உன் குடும்பத்துக்குன்னுதானே முதலாளி எடம் குடுத்தாரு? உன் குடும்பம்னா யாரு? இதுங்கதானே? நாங்கதான் நடுவுல வந்தவங்க."

வயூவா உட்கார்ந்தாள். நாற்காலியின் விளிம்பில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துவிடத் தயாராக. அந்த மேஜைத் துணியை எத்தனை தடவை துவைத்து இஸ்திரி போட்டிருப்பாள்! கொஞ்ச நேரத்தில் முவெண்டே என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்து ஒடித்தாள். அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அதற்கப்புறம்தான் வயூவா நாற்காலியில் சாய்ந்தாள்.

நாலாம் நாள் முழுக்க நாங்கள் உண்மையான சுற்றுலாக்காரர்கள். காலை ஆறு முதல் ஒன்பது வரை வண்டியில் சுற்றினோம். வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, காட்டெருமை, தூரத்தில் படுத்திருந்த இரண்டு சிங்கம். வசந்திக்குச் சிங்கம் ஏமாற்றம். "தூங்கிக்கினே இருக்குது" என்றாள். கிளம்பும்போது என் மாம்பழ நிறச் சுங்குடிப் புடவையை வயூவாவுக்குக் கொடுத்தேன். புதிதில்லை, இரண்டு தடவை கட்டியது. அவள் உயரத்துக்குக் கணுக்கால் வரைகூட வரவில்லை. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

ஊர் வந்ததும் முதல் வேலையாக நான் அவலூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன். பெரியவர்கள் சொல்லி அவளுக்குத் தெரியவேண்டாம், நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சுலோச்சனா முழுவதையும் கேட்டாள். அழவில்லை.

"மூணு வருஷமா எனக்காக எல்லாரும் முடிவு பண்ணீங்க. உனக்கு இஷ்டமான்னு ஒருத்தர் கேட்டீங்களா அக்கா? நீங்க கேட்டீங்களா?" என்றாள்.

கேட்கவில்லை. ஒரு தடவைகூட. போட்டோவைத் திருப்பித் தரச் சொன்னாள், கொடுத்தேன். இப்போது திருவண்ணாமலையில் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அவள் பேசாததில் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

மாமனாரிடம் என் வீட்டுக்காரர் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். நாலு மாதம் கஜேந்திரன் பேரை எடுக்கவில்லை. வைகாசியில் கஜேந்திரன் எழுதிய ஆறு பக்கக் கடிதம் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. ஆடிக் கடைசியில் ஒரு நாள் பார்த்தேன், பிரித்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு இனி சில குறிப்புகள். மாசி, பங்குனி சரியான காலம். மிருகங்கள் தண்ணீருக்குக் குட்டைக்கு வரும். சித்திரையில் மழை பிடித்தால் மண் ரோட்டில் வண்டி போகாது. பாஸ்போர்ட்டுக்கும் ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் நாலு மாதமாவது முன்னால் எழுதிப் போடுங்கள். அங்கே இருக்கும் உறவினர் உங்கள் செலவைத் தாங்குவதாகக் கடிதம் தர வேண்டும். வங்கி அனுமதித்துக் கையில் கொடுக்கும் அன்னியப் பணம் துறைமுகத்தில் டீ குடிக்கத்தான் காணும். குழந்தைக்கு முழுக்கை சட்டை இரண்டு, கொசுவுக்காக. கடிதம் எழுதும்போது வீட்டில் யார் யார், எத்தனை பேர் என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நான் கேட்டிருந்தால் ஒரு குழந்தைக்குப் பாவாடை சட்டை எடுத்துப் போயிருப்பேன்.

மிக முக்கியமானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அது இல்லாமல் போனால் திரும்பி வரும்போது பம்பாயில் பிடித்துத் தனியே வைத்துவிடுவார்கள். நாங்கள் கிண்டியில் போட்டுக்கொண்டோம். குறிப்பிட்ட நாட்களில் மட்டும்தான் போடுகிறார்கள், காலையிலேயே போய்விடுங்கள். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் சான்றிதழ் செல்லும். வசந்திக்கு ஒரு நாள் லேசான ஜுரம், அவ்வளவுதான்.

இந்த இடத்தை எழுதிக்கொண்டிருந்தபோது மாமனார் கடையிலிருந்து சாப்பிட வந்தார். "இன்னாம்மா எழுதற?" என்றார். ஆப்பிரிக்கா போகிறவர்களுக்கு ஊசி விவரம் என்றேன். கை கழுவி உட்கார்ந்தார். குழம்பு முடிந்து ரசம் ஊற்றும்போது, இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த ஊசி, அறுபத்தேழு வயசுக்காரனுக்குப் போடுவாங்களா?"

"தெரியல மாமா. கேட்டுச் சொல்றேன்."

"கேளு" என்றார். "கப்பல்ல நமக்கு மோர் கிடைக்குமான்னும் கேளு."

கப்பலில் மோர் கிடையாது, தயிர் உண்டு. அது எனக்கே தெரியும். ஊசி விஷயம் தெரிந்த வாசகர்கள் யாராவது இருந்தால் உடனே எனக்கு ஒரு கார்டு போடுங்கள். மாசிக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது.